குறுவாள் யார் கையில்? ‘மேக்பெத்’ நாடகத்தை நின்று படித்த 15 வகுப்புகள்

ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’, இரண்டாம் அங்கம், இரண்டாம் காட்சி. மன்னன் டங்கனைக் கொன்றுவிட்டு மேக்பெத் வருகிறான். மனைவி லேடி மேக்பெத் காத்திருக்கிறாள். இந்தக் காட்சியை நான் ஒன்பது ஆண்டுகள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து நடத்தியிருக்கிறேன். அருஞ்சொற்களுக்குப் பொருள் கொடுத்திருக்கிறேன். பாத்திரப் படைப்பு பற்றிக் குறிப்பு எழுத வைத்திருக்கிறேன். ‘குற்ற உணர்வின் தொடக்கம்’ என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் இட்டிருக்கிறேன். அத்தனை ஆண்டுகளில் எந்த மாணவரும் கேட்காத ஒரு கேள்வி, அதே காட்சியை எழுந்து நின்று படித்த முதல் வகுப்பில், தொடங்கிய நான்காவது நிமிடத்தில் வந்தது.

“டீச்சர், இவன் கையில் குறுவாள் இருக்கிறதே, நான் ஏன் இன்னும் அதைப் பார்க்கவில்லை?”

கேட்டவள் லேடி மேக்பெத்தாக நின்ற மாணவி. எதிரே மேக்பெத்தாக நின்றவன் இரண்டு மர அளவுகோல்களைக் கையில் பிடித்திருந்தான். மேக்பெத் உள்ளே வந்ததிலிருந்து ஏறத்தாழ முப்பது வரிகள் இருவரும் பேசுகிறார்கள். அதன் பிறகுதான் அவள், ‘இந்தக் குறுவாள்களை ஏன் அங்கிருந்து எடுத்து வந்தீர்கள்?’ என்று கேட்கிறாள். பழி காவலர்கள்மீது விழும்படி அவற்றை அங்கேயே விட்டு வருவதுதான் திட்டம். புத்தகத்தில் படிக்கும்போது அந்த முப்பது வரிகள் கண்ணில் வழுக்கிக்கொண்டு போய்விடும். இரண்டடி தூரத்தில் ஒருவன் அளவுகோல்களை ஏந்திக்கொண்டு நிற்கும்போது அப்படிப் போக முடியாது. அவளுக்குக் கண் எங்கே இருந்தது என்ற கேள்விக்குப் பதில் தேடியாக வேண்டும்.

அந்த ஒரு கேள்வியைச் சுற்றி நடந்த 15 வகுப்புகளைத்தான் இங்கே பதிவு செய்கிறேன்.

வகுப்பின் நிலை

34 மாணவர்கள், வயது 15, 16. ஒவ்வொரு பாடவேளையும் 40 நிமிடம். ஆங்கிலம் இவர்களில் யாருக்கும் வீட்டுமொழி இல்லை. நாடகம் மூல ஆங்கிலத்தில்தான் பாடமாக இருந்தது. அதை எளிய நடைக்கு மாற்றாமல்தான் பயன்படுத்தினேன். வரிகளின் கருத்தை மட்டும் இந்தக் கட்டுரையில் தமிழில் தருகிறேன்.

முந்தைய ஆண்டுகளின் தேர்ச்சியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பேராசையின் விளைவு பற்றி இரண்டு பக்கம் எழுதச் சொன்னால் எழுதிவிடுவார்கள். ஆனால் தேர்வு முடிந்த பிறகு ஒரு வகுப்பில் ஒரு சிறு கேள்வி கேட்டுப் பார்த்தேன். கொலை நடந்த இரவில் கோட்டைக் கதவு தட்டப்படுகிறதே, முதல் தட்டல் கேட்கும்போது மேடையில் யார் இருக்கிறார்கள்? இருவரும் என்றார்கள் சிலர், யாரும் இல்லை என்றார்கள் சிலர். மேக்பெத் மட்டும் தனியாக நிற்கிறான் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. மனைவி குறுவாள்களை எடுத்துக்கொண்டு உள்ளே போன அந்தக் கணத்தில்தான் தட்டல் விழுகிறது. அவனுடைய தனிமைக்குள் விழும் சத்தம் அது. என் மாணவர்கள் நாடகத்தைப் பற்றிய குறிப்புகளைப் படித்திருந்தார்கள். நாடகத்தை அவர்கள் பார்த்ததே இல்லை, மனக்கண்ணாலும்கூட. அந்தக் குறை அவர்களுடையதல்ல, நான் நடத்திய முறையினுடையது.

முதல் முயற்சி தோற்ற விதம்

நடிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். விருந்துக் காட்சியை எடுத்துக்கொண்டேன். மேக்பெத் ஆள் வைத்துக் கொன்ற நண்பன் பாங்கோவின் ஆவி வந்து மேக்பெத்தின் இருக்கையில் உட்காரும் இடம். நன்றாக வாசிக்கும் ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு நாள் முன்னதாகவே வரிகளைக் கொடுத்தேன். ஆவிக்கு ஒரு வெள்ளைப் போர்வை. வகுப்பு முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. மேக்பெத்தாக நின்ற பையன் சிரிப்பை மீறிக் கத்தினான், கத்தக் கத்த இன்னும் சிரித்தார்கள். 40 நிமிடம் போனது. ஐந்து பேர் நடிகர்களாகவும் 29 பேர் பார்வையாளர்களாகவும் பிரிந்ததுதான் அன்று நடந்த ஒரே மாற்றம். நடித்த ஐந்து பேருமே, எதற்காக இந்த வரி இங்கே வருகிறது என்று ஒருமுறையும் யோசிக்கவில்லை. மனப்பாடம் செய்தார்கள், ஒப்பித்தார்கள். உட்கார்ந்து ஒப்பித்ததை நின்று ஒப்பித்தார்கள்.

வகுப்பறை நாடகம் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறது என்று நினைக்கிறேன். ஆண்டு விழா நாடகத்தை வகுப்புக்குள் கொண்டுவர முயல்கிறோம். ஆண்டு விழாவுக்கு முடிந்து மெருகேறிய ஒன்று வேண்டும். பாடத்துக்கு வேண்டியது முடியாத ஒன்று: தடுமாறி, நிறுத்தி, ‘இல்லை, இப்படி இருக்காது’ என்று மறுபடியும் தொடங்கும் ஒத்திகை.

மாற்றிக்கொண்டவை

முதலில் அளவைச் சுருக்கினேன். முழுக் காட்சி வேண்டாம், இருபது வரி போதும். ஐந்து பேருக்குப் பதிலாக, ஒருவனைத் தவிர எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஜோடி ஜோடியாக, வகுப்பின் மூலை முடுக்கெல்லாம். பார்ப்பதற்கென்று யாரும் மிச்சம் இல்லாததால் கூச்சமும் பாதியாகக் குறைந்தது. சத்தம் மட்டும் இரண்டு மடங்கானது, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்து, பதிப்பாசிரியர்கள் சேர்த்த மேடைக்குறிப்புகளை நீக்கினேன். இது சிறிய வேலையாகத் தோன்றும், ஆனால் எல்லாவற்றையும் திறந்துவிட்டது இதுதான். ‘மேக்பெத்’ முதன்முதலில் அச்சானது 1623-இல், ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 36 நாடகங்கள் கொண்ட பெருந்தொகுப்பில். அந்தப் பதிப்பில் இந்தக் காட்சியில் ‘மேக்பெத் வருகிறான்’ என்று மட்டுமே இருக்கிறது. ‘இரத்தம் தோய்ந்த இரண்டு குறுவாள்களுடன்’ என்பது பின்வந்த பதிப்பாசிரியர்கள் சேர்த்தது. அவன் ‘இது வருந்தத்தக்க காட்சி’ என்று சொல்லும் இடத்தில் ‘தன் கைகளைப் பார்த்தபடி’ என்று அடைப்புக்குறிக்குள் வருவதும் அப்படியே. மாணவர் கண்டுபிடிக்க வேண்டியதைப் பதிப்பாசிரியர் முன்கூட்டியே கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார். நல்ல எண்ணம்தான். ஆனால் வகுப்பின் வேலையைப் பறித்துவிடுகிறது.

மூன்றாவது மாற்றம் பழைய நாடகக் குழுக்களின் வழக்கத்திலிருந்து வந்தது. ஷேக்ஸ்பியர் காலத்து நடிகருக்கு முழு நாடகப் பிரதி கிடைக்காது. அவர் பேச வேண்டிய வரிகளும், ஒவ்வொன்றுக்கும் முன்னால் எதிராளி பேசி முடிக்கும் கடைசி ஓரிரு சொற்களும் மட்டும் எழுதிய ஒரு சுருள்தான் கிடைக்கும். பாத்திரத்தைக் குறிக்கும் ‘ரோல்’ என்ற சொல்லே அந்தச் சுருளிலிருந்து வந்ததுதான். அதேபோல் சீட்டுகள் எழுதினேன். ஒருவர் சீட்டு மற்றவருக்குத் தெரியாது.

கொலைக்குப் பிந்தைய உரையாடலுக்கு இந்த முறை பொருந்துவது போல் வேறெதுவும் பொருந்தாது. ‘ஏதோ பேசினீர்கள் அல்லவா?’ ‘எப்போது?’ ‘இப்போது.’ ‘நான் இறங்கி வரும்போதா?’ ‘ஆமாம்.’ ‘கேள்!’ இதற்குமேல் ஒரு வாக்கியம்கூட இல்லை. எதிராளி எவ்வளவு நேரம் பேசுவார், எந்தச் சொல்லில் நிறுத்துவார் என்று தெரியாமல் சீட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மாணவர், காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. பயந்துபோன இரண்டு பேர் இருட்டில் ஒருவர் மூச்சை ஒருவர் கவனிப்பது போலவே அது ஆகிவிட்டது. பயப்படுவது போல் நடி என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

குறுவாள் வழக்கு

மறுபடியும் அந்தக் கேள்விக்கு வருகிறேன். ‘நான் ஏன் இன்னும் பார்க்கவில்லை?’

என் பதிலைச் சொல்லவில்லை, உண்மையில் என்னிடம் பதிலும் இல்லை. ஜோடிகள் நான்கு நான்காகச் சேர்ந்து ஒரு தீர்ப்புக்கு வர வேண்டும் என்றேன். நிபந்தனை ஒன்றுதான்: சொல்வது எதுவாக இருந்தாலும் அதற்கு ஒரு வரியைச் சாட்சியாகக் காட்ட வேண்டும், காட்டிவிட்டு நின்று நடித்தும் காட்ட வேண்டும்.

முதல் குழு இருட்டு என்றது. ஆந்தை அலறுகிறது, சுவர்க்கோழி கத்துகிறது என்று அவள் சொல்கிறாளே, காதால்தானே எல்லாவற்றையும் அறிகிறாள்? நல்ல சாட்சி. அப்போது நான் ஒரு தகவலைச் சேர்த்தேன்: ஷேக்ஸ்பியர் காலத்தில் லண்டனின் குளோப் போன்ற திறந்தவெளி அரங்குகளில் நாடகம் நடந்தது பட்டப்பகலில். வெளிச்சத்தை அணைக்க வழி இல்லை. இருட்டு முழுவதையும் சொற்களால்தான் உண்டாக்க வேண்டும். குழுவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அப்படியானால் ஆந்தையும் சுவர்க்கோழியும் விளக்கை அணைக்கும் வேலையைச் செய்கின்றன என்று எழுதிக்கொண்டார்கள்.

இரண்டாவது குழு, அவன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான் என்றது. நடித்துக் காட்டினார்கள். ‘வருந்தத்தக்க காட்சி’ என்ற வரி வந்ததும் நடிப்பு நின்றுவிட்டது. எதைப் பார்த்து இதைச் சொல்கிறான்? அவன் தன் கைகளைத்தான் பார்க்க வேண்டும், சற்றுப் பின்னால் ‘தூக்கிலிடுபவனின் கைகள்’ என்றே சொல்கிறானே என்றாள் ஒருத்தி. கைகளைப் பார்க்க வேண்டுமானால் முன்னால் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தால் குறுவாளும் சேர்ந்து வரும். அவளும் உடனே ‘வருந்தத்தக்க காட்சி என்பது முட்டாள்தனமான எண்ணம்’ என்று பதில் சொல்கிறாள். ஆக, அவளும் அதே இடத்தைப் பார்த்துத்தான் பேசுகிறாள்! வகுப்பில் ஒரு நிமிடம் பேச்சே இல்லை.

மூன்றாவது குழு இந்த இடத்திலிருந்து தொடர்ந்தது. அவள் பார்த்துவிட்டாள், ஆனால் சொல்லவில்லை. நிலைகுலைந்து நிற்பவனிடம் செய்த தவறையும் சுட்டிக்காட்டினால் உடைந்துவிடுவான் என்று பேச்சை மாற்றிக்கொண்டே போகிறாள், முடியாதபோதுதான் குறுவாளைப் பற்றிக் கேட்கிறாள். அப்படி நடித்தபோது அந்த முப்பது வரிகளும் வேறொன்றாக ஒலித்தன. கணவனைத் திட்டுபவளாகப் படித்திருந்த பெண், அவனைத் தாங்கிப் பிடிப்பவளாக மாறினாள். நான்காவது குழு இதை ஏற்கவே இல்லை. பார்த்திருந்தால் அந்தக் கணமே பிடுங்கிக்கொண்டு போயிருப்பாள், அவள் அப்படிப்பட்டவள் என்று வாதாடினார்கள். அவள் அவன் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அவர்கள் கட்சி.

தீர்ப்பு எதுவும் வரவில்லை. இரண்டு பாடவேளை இந்த முப்பது வரிக்கே போயின. அந்த வரிகளை அவர்கள் எத்தனை முறை திரும்பத் திரும்பப் படித்தார்கள் என்று நான் எண்ணவில்லை. படியுங்கள் என்று ஒருமுறைகூட நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

வகுப்பு முடியும் நேரத்தில் சைமன் ஃபோர்மனைப் பற்றிச் சொன்னேன். 1611-இல் குளோப் அரங்கில் இந்த நாடகத்தைப் பார்த்துக் குறிப்பெழுதி வைத்த மனிதர். மேக்பெத்தின் கையிலிருந்த இரத்தத்தை எவ்வளவு கழுவியும் போக்க முடியவில்லை என்றும், குறுவாள்களை மறைக்கப்போன மனைவியின் கையிலும் அப்படியே என்றும் எழுதியிருக்கிறார். 400 ஆண்டுகளுக்கு முன் ஒருவர் மனத்தில் தைத்ததும் கைகளும் குறுவாளும்தான் என்று அறிந்தபோது, குறுவாளைப் பற்றி முதலில் கேட்ட மாணவியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

‘தோற்றால்?’

கொலைக்கு முன் நடக்கும் உரையாடலில் மேக்பெத் ‘நாம் தோற்றுவிட்டால்?’ என்கிறான். அவள் பதில் இரண்டே சொல், ‘நாம் தோற்பதா’ என்றோ ‘தோற்போம்’ என்றோ கொள்ளலாம். 1623 பதிப்பில் அங்கே கேள்விக்குறி இருக்கிறது. ஆனால் அந்தக் கால அச்சில் கேள்விக்குறியே வியப்புக்குறியின் வேலையையும் செய்தது. பின்வந்தவர்கள் வியப்புக்குறியும் போட்டார்கள், முற்றுப்புள்ளியும் வைத்தார்கள்.

இதற்கு எனக்குக் கைகொடுத்தது தொல்காப்பியம். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. மெய்யில் படுவது, அதாவது உள்ளத்து உணர்வு உடம்பில் வெளிப்படுவது என்பதுதானே மெய்ப்பாடு என்ற சொல்லின் பொருள்! இதைவிடப் பொருத்தமான நடிப்புக் கலைச்சொல் எனக்குத் தெரியவில்லை. எட்டையும் சீட்டில் எழுதிக் குலுக்கி, எடுத்தவர் அந்த மெய்ப்பாட்டில் அந்த இரண்டு சொல்லைச் சொல்ல வேண்டும் என்றேன். உவகை பொருந்தவில்லை. பெருமிதம் பொருந்தியது. அச்சம் எல்லோரையும் திடுக்கிட வைத்தது, ஏனென்றால் லேடி மேக்பெத்துக்கு அச்சம் உண்டு என்று யாரும் அதுவரை நினைக்கவில்லை.

அதன்பிறகுதான் சாரா சிடன்ஸ் கதையைச் சொன்னேன். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தப் பாத்திரத்தால் பெரும்புகழ் பெற்ற நடிகை. அவர் இந்த இரண்டு சொல்லையும் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார் என்று பதிவாகியிருக்கிறது. முதலில் ஏளனக் கேள்வியாக, பிறகு சினந்த வியப்பாக, கடைசியில் நிதானமான முற்றுப்புள்ளியாக. தோற்றால் தோற்றோம், அவ்வளவுதான் என்பது போல. என் மாணவர்கள் பத்து நிமிடத்தில் செய்த சோதனையை அந்தப் பெரிய நடிகையும் செய்திருக்கிறார். இந்த வரலாற்றை நான் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அது குறிப்பேட்டில் இன்னொரு குறிப்பாகப் போயிருக்கும்.

கதவைத் தட்டியவன்

ஒரு மாணவன் எழுந்து நிற்க மறுத்தான். வற்புறுத்தவில்லை. நடிப்பின் பெயரால் ஒருவரை எல்லோர் முன்னும் நிறுத்திக் கூசச் செய்வதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அவனை வகுப்புக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, கதவைத் தட்டும் வேலையைக் கொடுத்தேன். எந்தச் சொல்லுக்குப் பிறகு, எவ்வளவு பலமாக, எத்தனை முறை என்பதெல்லாம் அவன் முடிவு.

முதல் நாள் சீட்டில் எழுதியிருந்தபடியே தட்டினான். இரண்டாம் நாள், மேக்பெத்தாக நின்றவன் தன் கைகளைப் பார்த்து, ‘கடல் முழுவதும் சேர்ந்தாலும் இந்த இரத்தத்தைக் கழுவுமா?’ என்ற இடத்துக்கு வரும்வரை கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்து, மிக மெதுவாக ஒருமுறை தட்டினான். உள்ளே இருந்தவன் உண்மையாகவே திரும்பிப் பார்த்தான். மூன்றாம் நாள் அவன் என்னிடம் வந்து, தட்டுவது யார் என்று கேட்டான். அடுத்த காட்சியைப் படித்துப் பார் என்றேன். படித்துவிட்டு வந்தான். கதவு திறந்ததும் உள்ளே வருபவர்கள் பிரபுக்களான மேக்டஃபும் லெனக்ஸும். முடிவில் மேக்பெத்தைக் கொல்லப்போவது மேக்டஃப். “அவன் சாவுதான் கதவைத் தட்டுகிறது டீச்சர்” என்றான். கடைசிவரை அவன் ஒரு வரியும் பேசி நடிக்கவில்லை. அந்தக் காட்சியைப் பற்றி அவன் எழுதிய விடை வகுப்பிலேயே ஆழமானது.

செலவுக் கணக்கு

இந்த முறை புதிதல்ல. இங்கிலாந்தில் ஹென்றி கால்டுவெல் குக் என்ற ஆசிரியர் தம் மாணவர்களை ஷேக்ஸ்பியரை நடித்தே படிக்க வைத்து, 1917-இல் அதைப் பற்றி எழுதினார். கேம்பிரிட்ஜில் ரெக்ஸ் கிப்சன் 1986-இல் தொடங்கிய பள்ளித் திட்டம், நாடகப் பனுவலை மேடைக்கான எழுத்துப்படியாகவே வகுப்பில் நடத்த வேண்டும் என்றது. ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி என்ற நாடகக் குழு 2008-இல் முன்வைத்த மூன்று வேண்டுகோள்களில் ஒன்று, எழுந்து நின்று படியுங்கள் என்பது. இவ்வளவு காலமாகச் சொல்லப்பட்டும் பரவாததற்குக் காரணம் ஆசிரியர்களின் சோம்பல் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். காரணம் நேரம்.

என் 15 வகுப்புகளில் முழுமையாக நின்று படித்தவை ஐந்து காட்சிகள்தான். மற்றவற்றைக் கதையாகச் சொன்னேன். இங்கிலாந்தில் டங்கனின் மகன் மால்கமும் மேக்டஃபும் பேசும் நீண்ட காட்சியை நாங்கள் தொடவே இல்லை. அது இழப்புதான். ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்களில் மிகச் சிறியது ‘மேக்பெத்’. அதற்கே இப்படியென்றால், ஹாம்லெட்டுக்கு என்ன செய்வேன் என்று தெரியவில்லை. சத்தம் பற்றி அடுத்த வகுப்பு ஆசிரியர் குறைபட்டது நியாயம். பிறகு பாதி ஜோடிகள் கிசுகிசுப்பில் மட்டும் பேச வேண்டும் என்று வைத்தோம். கொலைக்குப் பிந்தைய காட்சிக்கு அது இன்னும் நன்றாகவே பொருந்தியது.

ஒரு காட்சியை வேண்டுமென்றே நிற்க வைக்கவில்லை. மேக்டஃபின் மனைவியும் குழந்தையும் கொல்லப்படும் காட்சி. ஒரு குழந்தை குத்தப்படுவதைப் பதினைந்து வயதில் அளவுகோலால் நடித்தால் அது விளையாட்டாகிவிடும், அல்லது யாரோ ஒருவருக்கு விளையாட்டாகவே இருக்காது. விளக்கை அணைத்து, உட்கார்ந்தபடி, ஒரே குரலில் வாசித்தோம். நின்று படிப்பதை நம்புகிறேன் என்பதற்காக எல்லாவற்றையும் நிற்க வைக்க மாட்டேன்.

எழுத்துத் தேர்வில் என்ன ஆனது என்றுதான் சக ஆசிரியர்கள் முதலில் கேட்பார்கள். லேடி மேக்பெத் ஏன் குறுவாள்களைத் திரும்பக் கொண்டுபோகிறாள் என்ற கேள்விக்கு, பாடம் தொடங்கும் முன் வந்த விடைகளில் பெரும்பாலானவை ‘துணிச்சல்’ என்ற ஒரே சொல்லைச் சுற்றியே இருந்தன. கடைசியில் வந்தவை ஒன்றுபோல் ஒன்று இல்லை. அவன் போக மறுத்ததால் வேறு வழியின்றிப் போனாள் என்று ஒருவர், காவலர்கள்மீது பழி விழ வேண்டுமென்ற திட்டத்தைக் காப்பாற்ற என்று ஒருவர், திரும்பி வரும்போது தன் கைகளும் அதே நிறம் என்று அவள் சொல்வதைக் காட்டி, அவனுடைய குற்றத்தில் பங்கெடுக்க என்று ஒருவர். ஏறக்குறைய எல்லாவற்றிலும் மேற்கோள் வரிகள் இருந்தன. மதிப்பெண்கள் எல்லோருக்கும் உயர்ந்துவிடவில்லை. இலக்கணப் பிழைகள் அப்படியே இருந்தன.

பதினைந்தாவது வகுப்பு

ஐந்தாம் அங்கத்தின் முதல் காட்சி. லேடி மேக்பெத் தூக்கத்தில் நடக்கிறாள். குறுவாளைப் பற்றிக் கேட்ட அதே மாணவியே நடக்க முன்வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. பழைய காட்சியில் அளவுகோல்களை அவனிடமிருந்து வாங்கியபோது விரல்களை மடக்கிப் பிடித்திருந்தாளே, அதே போல் மடக்கியபடி வந்தாள். அப்படி வரச் சொல்லி யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கைகளைத் தேய்த்தாள். வரிகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியில் ‘படுக்கைக்குப் போவோம், வாசலில் தட்டுகிறார்கள்’ என்ற இடம் நெருங்கியது. கதவைத் தட்டும் மாணவன் பழக்கத்தில் எழுந்து கதவுப் பக்கம் போனான். பாதி வழியில் நின்று தன் புத்தகத்தைப் பார்த்தான்.

“டீச்சர், இங்கே தட்டல் என்று குறிப்பே இல்லை. தட்டட்டுமா?”

நான் பதில் சொல்வதற்குள், பின் பெஞ்சிலிருந்து, “வேண்டாம், அது அவளுக்கு மட்டும்தான் கேட்கிறது” என்று ஒரு குரல் வந்தது. அவன் சற்று யோசித்தான். திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டான். அவள் அந்த வரியைச் சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தாள். மற்ற 33 பேரும் நானும் கதவைப் பார்த்தோம்.